யாருக்கு மருந்து?

மாட்டுக்கு நோய் வந்தால் அது தீனியைத் தொடாமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். நாய் மூலையில் போய்ச் சுருண்டு படுத்து முனகும். குழந்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டையே இரண்டு பண்ணிவிடும். மீனுக்குக் குரல் இல்லை. இமைகூட இல்லை, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு தன் வேதனையைக் காட்டவும் அதற்கு வழி கிடையாது. கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நோயில் தவிக்கிறது. பார்க்கிறவர்கள், "என்ன அழகாக வாலை ஆட்டுகிறது!" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுகிறார்கள்.

இந்த ஊமை நோயாளியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். "எழுதுவதற்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நம்முடைய அன்பைப் பற்றி நாமே அடித்துக்கொள்ளும் பெருமையை மறுத்துப் பேச முடியாத ஜீவன் ஒன்று நம் வீட்டில் இருக்கிறது. அதனிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

பழைய சென்னைவாசிகள் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும், மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். மேற்கு மாம்பலத்தில் என் தங்கை வீட்டில் இருக்கும் மீன் தொட்டி சென்ற கோடையில் முதல் காலேஜிலிருந்து இரண்டாவது காலேஜாக மாறிக்கொண்டிருந்தது. மீன் வளர்ப்பில் எனக்குப் பல வருஷப் பழக்கம் உண்டு. எனவே குடும்பத்தில் மீன்களுக்கு வைத்தியர் நான்தான். ஆள் அனுப்பாத குறையாகத் தங்கை என்னைக் கூப்பிட்டாள்.

தொட்டி இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். கூழாங்கல்லும், மேலே விட்டிருக்கும் இடமும் போனால் 50 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதிகம். அதில் பதினேழு மீன்கள். தங்கமீன் ஆறு, கறுப்பு மோலி நான்கு, ஏஞ்சல் இரண்டு, கப்பி நான்கு, அடியில் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு ஒரு சக்கர் மீன்.

பதினேழும் ஒரே நாளில் வந்தவை அல்ல. முதலில் நான்கு தங்கமீன்கள். பையனின் பிறந்தநாளுக்கு அடுத்த வீட்டுக்காரர் இரண்டு வாங்கி வந்தார். நல்ல மனிதர், வெறும் கையோடு வர மாட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பையனைக் கொளத்தூருக்கு அழைத்துப் போனார். கொளத்தூர் மீன் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாலிதீன் பைகளில் தண்ணீரும் காற்றும் அடைத்து, ரப்பர் வளையம் போட்டு, கத்தரிக்காய் வெண்டைக்காய் விலைக்கு வண்ணங்களை விற்கிறார்கள். அங்கே போய் ஒரு மீனோடு திரும்பி வருவது புத்தகக் கண்காட்சிக்குப் போய் ஒரு புத்தகத்தோடு திரும்புவதைப் போன்றது. யாராலும் ஆகாத காரியம். தொட்டியில் அழுக்கு அதிகமாயிற்று. அழுக்கைத் தின்னச் சக்கர் மீன் வந்தது. அழுக்கைத் தின்னும் மீனும் அழுக்குப் பண்ணும் என்பதைக் கடையில் யாரும் சொல்லவில்லை.

மே மாதத்தில் சாவு ஆரம்பித்தது. ஒன்று செத்தால் அந்த வாரமே இன்னொன்று வாங்கி விட்டுவிடுவார்கள். அரசாங்க அலுவலகங்களில்கூடக் காலி இடம் இவ்வளவு வேகமாக நிரப்பப்படுவதில்லை. ஆறு வாரத்தில் ஐந்து மீன் செத்தும் எண்ணிக்கை பதினேழாகவே இருந்தது. ஜன்னல் விளிம்பில் மருந்துப் புட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு புட்டி.

"மாமா, எந்த மீனுக்கு என்ன வியாதி, சொல்லுங்கோ. அப்பா மருந்து வாங்கிண்டு வருவா" என்றான் மருமான். பத்து வயது. கையில் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்திருந்தான்.

நான் பார்த்துச் சொன்னேன். ஏஞ்சல் மீனின் செதிலில் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். கறுப்பு மோலி ஒன்று கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் அதே நோய், புள்ளி இன்னும் வெளியே தெரியவில்லை. இரண்டு தங்கமீன்களின் வால் ஓரம் நைந்து கந்தலாகியிருந்தது, வால் அழுகல். மற்றவை எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பையன் எழுதிக்கொண்டான். தாள் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை திருப்தியோடு அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டால் பாதி குணமானதுபோல் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதி மீனுக்கு வருவதில்லை.

வெள்ளைப் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு எட்டாத ஓர் ஒட்டுண்ணியால் வருவது. 1876-இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குப் பெயரிட்டார். 'பல பிள்ளை பெற்ற மீன்பேன்' என்று பொருள்படும் நீளமான விஞ்ஞானப் பெயர். பொருத்தமான பெயர்தான். மீனின் தோலுக்கு அடியில் புகுந்து கொழுத்த பிறகு அது கழன்று விழுந்து, கூழாங்கல்லில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்கிறது. அந்த உறைக்குள் ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. குஞ்சுகள் வெளியே வந்து ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். தோலுக்குள் இருக்கும்போது மருந்து எட்டாது. உறைக்குள்ளும் எட்டாது. நீந்தி அலையும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கொல்ல முடியும். ஆகையால்தான் புள்ளி மறைந்தவுடன் மருந்தை நிறுத்தினால் அடுத்த வாரம் பத்து மடங்காகத் திரும்பி வருகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆற்றிலும் ஏரியிலும் இந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை மீன் கிடைக்காமலே செத்துப்போகும். 50 லிட்டரில் பதினேழு மீன் இருந்தால் திரும்பிய பக்கமெல்லாம் மீன்தான். அந்த ஒட்டுண்ணிக்கு நாம் விருந்து வைத்திருக்கிறோம்.

மற்றக் கதை தண்ணீரில் இருக்கிறது. மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாத தீனி அழுகினாலும் அம்மோனியாதான். வடிகட்டியின் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கி, வேறு சில அதை நைட்ரேட்டாக்கி விஷத்தைத் தணிக்கின்றன. அவை புதிதாகக் குடியேறி நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். என் தங்கை சுத்தக்காரி. ஞாயிறுதோறும் தொட்டியைக் காலி செய்து, பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கசக்கிப் பிழிந்து, கூழாங்கல்லைத் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தாள். ஞாயிறுதோறும் அந்தக் குடிகள் குளோரினில் மாண்டன. மிஞ்சியவற்றை மஞ்சள் புட்டி பார்த்துக்கொண்டது. கெட்ட கிருமியைக் கொல்லும் மருந்துக்கு நல்ல கிருமி எது என்று தெரியாது. கோடை வேறு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சென்னைக் கூடத்தில் மே மாதத்து நிலை என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கொண்டுபோன சோதனைத் திரவத்தைத் தொட்டி நீரில் சொட்டினேன். நல்ல நீர் மஞ்சளாகவே இருக்கும். இது கரும்பச்சையாயிற்று. மருமானின் தாளை வாங்கி, அவன் எழுதிய எல்லா நோய்க்கும் கீழே ஒரு கோடு போட்டு, 'தண்ணீர்' என்று எழுதினேன்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு, 95-ஆவது. அதில் மருந்தைத் தேடிப் போகிறவர் ஏமாந்துதான் போவார். பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகிறது. வைத்தியன் கடைசியில்தான் வருகிறான். நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து கொடுப்பவன் என்று வைத்தியத்துக்கு நான்கு கூறுகளைச் சொல்லி வள்ளுவர் முடிக்கிறார். மீன் தொட்டியில் ஐந்தாவது கூறு ஒன்று இருக்கிறது: நோயை உண்டாக்கியவன். அவனேதான் வைத்தியன்; அவனேதான் பக்கத்தில் இருந்து மருந்து கொடுப்பவனும். வைத்தியனுக்கும் நோய்க் காரணத்துக்கும் ஒரே முகமாக இருந்தால் காரணத்தை அவன் எங்கே தேடுவான்? மீனிடம் தேடுவான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேடுவான்.

"மீன் அதிகம். பாதிக்கு மேல் வெளியே போக வேண்டும்" என்றேன்.

மாப்பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. "பாவம், எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டுமே. மருந்து எவ்வளவு ஆனாலும் வாங்கிவிடலாம்" என்றார்.

எனக்கு அவரை நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாத குடும்பம். 'எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும்' என்ற வார்த்தை அந்தக் குடும்பத்தின் தர்மம். இரண்டு அறையில் ஒன்பது பேர் வளர்ந்தவர்களிடம் போய் 'இங்கே கூட்டம் அதிகம்' என்று சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஆனால் இரண்டு அறையில் ஒன்பது பேர் இருந்தபோது கதவு இருந்தது, தெரு இருந்தது, மொட்டை மாடி இருந்தது. மூச்சு முட்டியபோது யாராவது எழுந்து வெளியே போக முடிந்தது. 'எல்லாம் இருக்கட்டும்' என்று தொட்டியைப் பார்த்துச் சொல்கிறவர் எந்த இடத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பதினேழில் ஒவ்வொன்றின் மூச்சையும் எடுத்து மற்றதற்குப் பங்கு வைக்கிறார். கேட்பதற்கு இதைவிடக் கருணையான வார்த்தை இல்லை. அந்த ஐந்து மீன்களைக் கொன்றது இந்த வார்த்தைதான் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

வீட்டுத் தொட்டி என்ற எண்ணம் பிறந்தபோது இப்படி இல்லை. 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயனக்காரர் தம் சோதனையை வெளியிட்டார். 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில், அதாவது 54 லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில், அவர் விட்டது இரண்டே இரண்டு சிறிய தங்கமீன்கள். கூடவே நாடாப்போல் நீளமாக வளரும் ஒரு நீர்ப்பூண்டு. பூண்டின் இலை அழுகித் தண்ணீர் கலங்கியபோது அவர் மருந்து ஊற்றவில்லை; அழுகலைத் தின்னும் நத்தைகளை விட்டார். மீனும் பூண்டும் நத்தையும் ஒன்றையொன்று தாங்குவதைப் பார்க்க அவர் ஆசைப்பட்டார். நாமோ மீனை மட்டும் பார்க்க ஆசைப்படுகிறோம். அதுவும் நிறைய.

மாப்பிள்ளை ஒரு வாதம் வைத்தார். அதைத் தள்ளிவிட முடியாது. "ஆற்றில் இருந்தால் மட்டும் இவை சுகமாக இருக்குமா? கொக்கு தின்னும், பெரிய மீன் தின்னும். இங்கே வேளைக்குத் தீனியாவது கிடைக்கிறதே" என்றார். உண்மைதான். ஆற்றில் ஒரு மீன் குஞ்சு பிழைத்துப் பெரிதாவது ஆயிரத்தில் ஒரு அதிர்ஷ்டம். இயற்கை ஒன்றும் தாய்வீடு அல்ல. ஆனால் கொக்கு, தான் மீனிடம் அன்பு வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஒரு ஜீவன் எங்கேயும் போக முடியாதபடி நாலு பக்கமும் அடைத்தவன், அதன் தண்ணீருக்கும் காற்றுக்கும் பொறுப்பாளி ஆகிவிடுகிறான். ஆற்றில் நடப்பதற்கு யாரும் பொறுப்பில்லை என்பது, கூடத்தில் நடப்பதற்கும் யாரும் பொறுப்பில்லை என்று ஆகாது.

மீனுக்கு வலி தெரியுமா என்ற கேள்வியும் அன்று வந்தது. 2003-இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் காடியின் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். அமிலம் ஏற்றிய மீன்களில் சில உதட்டைக் கல்லில் தேய்த்தன. நோவு உண்டாக்கப்பட்ட மீன்கள் நெடுநேரம் தீனியை நாடவில்லை. மார்பின் கொடுத்தால் இந்த நடத்தை குறைவதையும் ஸ்னெடன் கண்டார். இதை வலி என்று சொல்ல மறுக்கும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட நான் படித்தவன் அல்ல. கல்லில் தேய்த்துக்கொண்டிருந்த அந்தக் கறுப்பு மோலியைப் பார்த்த பிறகு சந்தேகத்தின் பலனை மீனுக்கே கொடுத்துவிட்டேன்.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றினோம். தீனி இரண்டு நாளைக்கு நிறுத்தம். பிறகு ஒரு சிட்டிகை. (தீனி போடாமல் இருப்பதுதான் தங்கைக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறக்கிறதே, பசிக்காதா என்று நாளைக்கு நாலு தடவை கேட்டாள். தங்கமீன் எப்போது பார்த்தாலும் அப்படித்தான் கேட்கும்.) தங்கமீன்களைப் பெரிய பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றிக் காற்றுக்குழாய் போட்டோம். அயோடின் கலவாத கல்லுப்பு, லிட்டருக்கு ஒரு கிராம். புட்டிகளில் பச்சையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குப்பையில் போட்டேன். சோதனைத் திரவம் பத்தாம் நாள் மஞ்சளாயிற்று. வால் கந்தல் மருந்தில்லாமலே வளர்ந்துவிட்டது.

ஒரு தங்கமீன் மட்டும் தேறவில்லை. வயிறு ஊதி, செதில்கள் பலாக்காய் முள்ளைப்போல் குத்திட்டு நின்றன. அந்த நிலைக்குப் போன மீன் பிழைப்பது அரிது. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. "தானாகப் போகட்டும், நாம் ஏன் பாவத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்?" என்றாள் தங்கை. நான் அதை இரண்டு நாள் யோசித்தேன். தானாகப் போகட்டும் என்றால் இன்னும் மூன்று நாளோ நாலு நாளோ மீன் அந்த வேதனையில் கிடக்கும். நம் கை மட்டும் சுத்தமாக இருக்கும். கிராம்பு எண்ணெய் மீனுக்கு மயக்க மருந்து, ஆராய்ச்சிக்கூடங்களிலும் பயன்படுகிறது. அளவு கூடினால் மயக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். ஒரு பாத்திரத்தில் அதைக் கரைத்து மீனை விட்டேன். மருமானை வெளியே அனுப்பவில்லை. அவன் இருப்பேன் என்றான். இது சரி என்று எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைக்க என்னால் முடியாது. தங்கை இன்று வரை ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்தது, யாரை அனுப்புவது? பையன் உடனே சொன்னான்: "சீக்கு வந்ததையெல்லாம் குடுத்துடலாம் மாமா." நாமும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் சீக்கு மீனைக் கொடுப்பது இன்னொரு வீட்டுத் தொட்டிக்கு நோயைக் கொடுப்பது. கடைசிப் புள்ளி மறைந்து, மருந்து முழுதும் முடிந்து, அதற்குப் பிறகும் சில வாரம் பொறுத்து, தெளிவாக நீந்துகிற மீனைத்தான் கொடுக்கலாம். அதாவது, பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய மீனை. தங்கமீன்கள்தான் போக வேண்டும். ஒவ்வொன்றும் அரை அடிக்கு மேல் வளரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும், அந்தத் தொட்டி அவற்றுக்கு ஒரு நாளும் போதாது. அவற்றில் முதல் நாள் வந்த செம்மஞ்சள் மீனும் ஒன்று. பையன் கையைத் தண்ணீரில் வைத்தால் விரலைக் கவ்வும். அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மாப்பிள்ளை சமாதானம் ஒன்று கொண்டு வந்தார்: "ஏரியில் விட்டுவிடலாமா? சுதந்திரமாக இருக்கும்." இதைக் கேட்டால் மனசு லேசாகிறது. அதுதான் ஆபத்து. சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. வளர்ந்தால் ஓர் அடிக்கு மேல் போகும். இப்படி இரக்கப்பட்டு விட்டதாலும் பண்ணைகளிலிருந்து தப்பியதாலும் இன்று அது சென்னைச் சுற்று வட்டார நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. கட்டாரிபோன்ற முள்ளால் மீனவர்களின் வலை கிழிகிறது. அதை வாங்குவார் இல்லை. ஒருவர் மனசு லேசானதற்கு இன்னொருவர் வலை விலை கொடுக்கிறது.

கடைசியில் தாம்பரத்தில் உறவினர் வீட்டுத் தோட்டத்தில் இருக்கும் சிமெண்ட் தொட்டிக்குத் தங்கமீன்கள் ஐந்தும் போயின. ஆயிரம் லிட்டர் பிடிக்கும். மேலே வேப்பமர நிழல். அங்கே பூனை உண்டு, காக்கை உண்டு. அதையும் பையனிடம் மறைக்காமல் சொன்னேன். வலை போட்டு மூடலாமா என்று கேட்டான். போட்டோம். ஏஞ்சல் இரண்டையும் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒரு நண்பர் வாங்கிக்கொண்டார். சக்கர் மீனைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு, வேறு மீன் தருவதாகச் சொன்னாராம். மாப்பிள்ளை, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததை என்னிடம் டெலிபோனில் சொன்னபோது அவர் குரலில் ஒரு வெற்றி இருந்தது. மிச்சம் எட்டு. மோலி குட்டி போடும் ஜாதி. ஆகவே இந்தக் கணக்கும் நிரந்தரமல்ல.

சென்ற மாதம் பையனுக்குப் பதினோரு வயது நிறைந்தது. அடுத்த வீட்டுக்காரர் வழக்கம்போல் வெறும் கையோடு வரவில்லை. பாலிதீன் பையில் சிவப்பாக இரண்டு மீன்கள். தங்கை வாசற்படியிலேயே கையைக் கூப்பி, "தப்பா நெனச்சுக்காதீங்கோ, எடம் இல்லே" என்றாளாம். "ரெண்டே ரெண்டுதானே, அதுக்கு என்ன எடம்!" என்று அவர் சிரித்திருக்கிறார். அவள் கையை நீட்டவில்லை. அவர் பலகாரம் சாப்பிடாமலே போய்விட்டார். இப்போது மாடிப்படியில் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிறார் என்று தங்கை வருத்தப்படுகிறாள். தீபாவளிக்குள் சரியாகிவிடும் என்று மாப்பிள்ளை சொல்கிறார்.